அந்தக் காலத்து கட்டிங் பிளேயர் இப்போது ஏன் வருவதில்லை? கைக்கருவிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அம்பாசமுத்திரத்தில் இருபத்தாறு வருடமாக இரும்புச் சாமான் கடை வைத்திருக்கிறேன். அதற்கு முன் பேட்டை ஐடிஐயில் ஃபிட்டர் படித்துவிட்டு சில வருடம் பட்டறையில் வேலை பார்த்தேன். கடைக்கு வருகிற ஆசாரி, கொத்தனார், வயர்மேன், வாழை போட்டிருப்பவர், பீடி சுற்றும் அக்காமார் எல்லோரும் மாற்றி மாற்றி ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். கல்லாவில் நின்றுகொண்டு பாதிப் பதில்தான் சொல்ல முடிகிறது. முழுப் பதிலையும் இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

எங்க அப்பா வச்சிருந்த கட்டிங் பிளேயர் முப்பது வருசம் உழைச்சுது அண்ணாச்சி. நான் வாங்குனது மூணு மாசத்துல வாய் மழுங்கிட்டு. ஏன்?

உங்கள் அப்பா அதை வாங்கியபோது சில நாள் கூலியைச் சேர்த்து வைத்து வாங்கியிருப்பார். நீங்கள் வாங்கியது இரண்டு பேர் ஹோட்டலில் சாப்பிடுகிற காசு. ஒரு பிளேயரின் ஆயுள் மூன்று விஷயத்தில் இருக்கிறது. அது எந்த உருக்கு, காய்ச்சி அடித்து உருவாக்கியதா அச்சில் ஊற்றி வார்த்ததா, அதற்குத் தோய்ச்சல் எப்படிக் கொடுத்தார்கள். மூன்றுமே கண்ணுக்குத் தெரியாது. தெரிவது மேல்பூச்சும் கைப்பிடியின் நிறமும்தான். விலையைக் குறைக்க நினைப்பவர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் கை வைப்பார்.

இதில் தோய்ச்சல்தான் உயிர். கார்பன் உள்ள உருக்கை 800 டிகிரிக்கு மேல் சிவக்கக் காய்ச்சி எண்ணெயிலோ தண்ணீரிலோ சட்டென்று முக்கினால் அது கண்ணாடி மாதிரிக் கடினமாகும், கண்ணாடி மாதிரியே உடையவும் செய்யும். அதை மறுபடி 200, 300 டிகிரி அளவில் காய்ச்சிப் பதப்படுத்தினால்தான் கூரும் நிற்கும், முறியாமலும் இருக்கும். இந்த இரண்டாவது சூட்டுக்கு நேரம் வேண்டும், எரிபொருள் வேண்டும், கவனமான ஆள் வேண்டும். மலிவுச் சரக்கில் முதலில் குறைவது இதுதான். மூன்று மாதத்தில் வாய் மழுங்கினால் தோய்ச்சல் போதவில்லை. முதல் வாரமே வாயில் சில்லு தெறித்தால் பதப்படுத்தவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்திலும் மட்டமான சாமான் இருந்தது. அது அப்போதே பழைய இரும்புக்குப் போய்விட்டது. உங்கள் வீட்டுப் பரணில் மிஞ்சிக் கிடப்பது நல்லது மட்டும்தான். அதனால் பழசெல்லாம் நல்லது என்று நமக்குத் தோன்றுகிறது.

சைனா சாமான்னாலே மட்டம்தானே?

இல்லை. இதை நான் உறுதியாகச் சொல்வேன். அங்கே ஒரே ஊரில், சில நேரம் ஒரே தொழிற்சாலையில், மூன்று நான்கு தரத்தில் சரக்குப் போடுகிறார்கள். வாங்குகிறவர் என்ன விலை சொல்கிறாரோ அதற்குத் தக்க உருக்கு, அதற்குத் தக்க தோய்ச்சல். தைவானில் தைச்சுங் பக்கம் செய்கிற, நட்டுத் திருகும் சாக்கெட்டுகளை உலகம் முழுக்க மெக்கானிக்குகள் நம்பி வாங்குகிறார்கள். வேரா என்கிற ஜெர்மன் கம்பெனியின் திருப்புளிகள் செக் நாட்டில் செய்யப்படுகின்றன. அவற்றில் ஒரு குறையும் சொல்ல முடியாது. நாடு மாறியதால் தரம் போகவில்லை. விலையை முதலில் முடிவுசெய்துவிட்டு, அதற்குள் ஒரு கருவியைச் செய்து கொடு என்று கேட்டதால்தான் போனது.

நம் பக்கத்துக்கு வந்ததில் பெரும்பகுதி அப்படிக் கேட்டு வாங்கிய கடைசித் தரம். 2001 ஏப்ரலில் இறக்குமதிக்கு இருந்த அளவுக் கட்டுப்பாடுகள் நீங்கிய பிறகு, மொத்த வியாபாரிகள் மூட்டை மூட்டையாக இறக்கினார்கள். நானும் ஒருவரிடம் ஸ்பேனர் எடுத்தேன், பளபளவென்று இருந்தது. ஒரு லாரி மெக்கானிக் வாங்கிப்போய் இறுகிய நட்டைத் திருகும்போது ஸ்பேனரின் வாய் விரிந்து வழுக்கி, கை சேசிஸில் அடித்து இரண்டு விரல் முட்டி பிளந்துவிட்டது. அவர் என்னைத் திட்டவில்லை, கட்டுப் போட்ட கையோடு அந்த ஸ்பேனரைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போனார். மீதிச் சரக்கை நான் விற்கவில்லை, எடைக்குப் போட்டேன். விலையை மட்டும் கேட்டு எடுத்தது என் தப்பு.

வெளிநாட்டுக் கம்பெனிக்காரன் நல்லாத்தானே செஞ்சிட்டு இருந்தான். ஏன் தன் ஊர்ல செய்யறத விட்டான்?

கூலி ஒரு காரணம். பெரிய சங்கிலிக் கடைகள் வருடா வருடம் விலையைக் குறைக்கச் சொன்னது அதைவிடப் பெரிய காரணம். முதலில் தைவானுக்குப் போனது, அப்புறம் சீனாவுக்கு. 2001 டிசம்பரில் சீனா உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்த பிறகு அந்த ஓட்டம் வேகம் எடுத்தது.

கிராஃப்ட்ஸ்மேன் என்கிற அமெரிக்கப் பெயரின் கதையைப் பாருங்கள். சியர்ஸ் என்ற பெரிய கடைக்காரர்கள் 1927ல் தொடங்கிய பெயர் அது. கருவி உடைந்தால் கேள்வி கேட்காமல் வேறு தருவார்கள் என்று பேர் வாங்கியது. காலப்போக்கில் உற்பத்தி ஆசியாவுக்குப் போனது. 2017ல் ஸ்டான்லி பிளாக் அண்ட் டெக்கர் அந்தப் பெயரை வாங்கியது. அமெரிக்காவிலேயே மறுபடி செய்யப்போகிறோம் என்று 2019ல் அறிவித்து, டெக்சாஸ் மாநிலம் ஃபோர்ட் வொர்த்தில் பெரும்பாலும் இயந்திரங்களே வேலை செய்யும் ஆலையைக் கட்டினார்கள். அந்த இயந்திரங்கள் எதிர்பார்த்தபடி ஓடவில்லை என்று செய்தி வந்தது. 2023ல் ஆலையை மூடுவதாக அறிவித்துவிட்டார்கள். பணமும் இடமும் இருந்தும் முடியவில்லை. வேலை தெரிந்த கைகள் ஒரு தலைமுறை விட்டுப்போனால் திரும்பக் கொண்டுவருவது அவ்வளவு கஷ்டம். நம் ஊர் கொல்லுப் பட்டறைகளைப் பற்றிக் கீழே எழுதும்போது இது என் மனதில் இருக்கிறது.

நம்ம நாட்டு டூல்ஸ் எல்லாம் எங்க செய்யறாவ?

பஞ்சாபில் ஜலந்தரும் லூதியானாவும் பெரிய மையங்கள். தபாரியா கம்பெனி நாசிக்கில். 1960களின் இறுதியில் பாக்கோ என்கிற ஸ்வீடன் கம்பெனியின் தொழில்நுட்பத்தோடு தொடங்கியது அது. அரத்துக்கு ஜேகே, ரத்னகிரியில் ஆலை இருக்கிறது. மண்வெட்டி, கடப்பாரைக்கு டாடா அக்ரிகோ, ஜாம்ஷெட்பூர்.

அமெரிக்காக்காரர் ‘வெளிநாட்டில் செய்கிறார்கள், தரம் போச்சு’ என்று குறைப்படுகிற அந்த வெளிநாட்டில் ஜலந்தரும் உண்டு. அங்கிருந்து ஏற்றுமதிக்குப் போகும் ஸ்பேனரும் நம் ஊர்த் தள்ளுவண்டியில் கிடக்கும் ஸ்பேனரும் பக்கத்துப் பக்கத்துத் தெருவில் செய்ததாக இருக்கலாம். சைனா பற்றிய கேள்விக்குச் சொன்ன அதே பதில்தான் இதற்கும்.

குரோம் வனேடியம்னு எழுத்து வெட்டியிருக்கே, அது போதாதா?

போதாது. குரோம் வனேடியம் நல்ல உருக்குதான். ஏறக்குறைய நூற்றுக்கு ஒரு பங்கு குரோமியமும், அதைவிட மிகக் குறைவாக வனேடியமும் சேர்ந்தது. ஆனால் எழுத்தை எந்த இரும்பிலும் வெட்டலாம். உண்மையிலேயே அந்த உருக்காக இருந்தாலும் தோய்ச்சல் சரியில்லை என்றால் பிரயோசனம் இல்லை. நல்ல அரிசி வாங்கி அரைவேக்காட்டில் இறக்கிய சோறு மாதிரி.

எல்லாக் கருவிக்கும் ஒரே கடினம் ஆகாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். கடினத்தை அளக்கும் ராக்வெல் அளவில் அரத்துக்கு 60க்கு மேல் வேண்டும். உளிக்கு அதைவிடச் சற்றுக் குறைவு. ஸ்பேனருக்கு 40ஐ ஒட்டி இருந்தால் போதும், அது முறிவதற்கு முன் கொஞ்சம் வளைந்து காட்ட வேண்டும். ‘ரொம்ப ஹார்டு’ என்று சொல்லி ஸ்பேனர் விற்கிறவரிடம் ஜாக்கிரதை.

கடையில நின்னுக்கிட்டே நல்லதா மட்டமான்னு எப்படிப் பாக்க?

பிளேயரை மூடி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். வெட்டுகிற இடத்தில் வெளிச்சக் கீற்று தெரிந்தால் வைத்துவிடுங்கள். அப்புறம் ஒரு காகிதத் துண்டை வெட்டிப் பாருங்கள். நல்ல பிளேயர் காகிதத்தைச் சுத்தமாக வெட்டும், மட்டமானது மடக்கிக் கவ்வும். தாடையைப் பக்கவாட்டில் ஆட்டினால் ஆட்டம் இருக்கக் கூடாது. திறந்து மூடும்போது நடுவில் எங்கேயும் இறுகவும் கூடாது.

வார்ப்பா அடித்ததா என்று பார்க்க விளிம்பைத் தடவுங்கள். அச்சில் வைத்து அடித்த சாமானில் ஓரப் பிசிர் அகலமாக வந்து, அதை வெட்டிச் சாணை பிடித்த பட்டை தெரியும். வார்ப்பில் கோடு மெல்லியதாக, நூல் ஓட்டியதுபோல இருக்கும். பூச்சுக் குறைந்த இடத்தில் மணல் மணலாகத் தெரிந்தாலும் வார்ப்பு என்று சந்தேகப்படலாம். ஸ்பேனரை விரல் நுனியில் தொங்கவிட்டுச் சுண்டினால் மணி மாதிரி ஒலிக்க வேண்டும். மொட்டையாகச் சத்தம் வந்தால் உள்ளே ஏதோ குறை.

என் கடையில் ஒரு பழைய அரம் மேசையிலேயே கிடக்கும். கேட்டால் தருவேன். உளியின் வாய் ஓரமாக லேசாக இழுத்துப் பாருங்கள். அரம் வழுக்கினால் தோய்ச்சல் ஏறியிருக்கிறது. கடித்துத் துகள் உதிர்ந்தால் தோய்ச்சல் ஏறாத பச்சை இரும்பு. சில கடைக்காரர்கள் இதற்கு முகம் சுளிப்பார்கள். அப்படியானால் ஒன்றே ஒன்று வாங்கிப்போய் வீட்டில் சோதித்துவிட்டு மீதியை வாங்குங்கள். ஆனால் சுத்தியலையும் சுத்தியலையும் முகத்துக்கு முகம் மோதி மட்டும் சோதிக்காதீர்கள். தெறிக்கிற சில்லு கண்ணில் போகும்.

ஐஎஸ்ஐ முத்திரை இருந்தா கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாமா?

கண்ணைத் திறந்துகொண்டு வாங்கலாம். உண்மையான முத்திரையில் மேலே தர எண் இருக்கும், பிளேயருக்கு 3650, சுத்தியலுக்கு 841 என்று. கீழே உரிம எண் இருக்கும். பிஐஎஸ் கேர் என்ற ஆப்பில் அந்த உரிம எண்ணைப் போட்டால் எந்தக் கம்பெனிக்கு, எந்தப் பொருளுக்குக் கொடுத்தது என்று வந்துவிடும். எண் இல்லாத வெறும் முத்திரையை நம்ப வேண்டாம்.

திருநெல்வேலி ஜங்ஷன்ல அதே கம்பெனி பாதி விலைக்குக் கிடைக்குதே?

அது அதே கம்பெனி இல்லை. பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கும், அல்லது அட்டையின் அச்சு மங்கலாக இருக்கும். இறக்குமதிச் சரக்கின் அட்டையில் எந்த நாடு, இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, அதிகபட்ச விலை எல்லாம் அச்சிட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. இவை இல்லாத அட்டையைத் தொடாதீர்கள். பில் கேளுங்கள். போலி விற்பவர் பில் தரத் தயங்குவார்.

மம்பட்டி தகடு அப்பளம் மாதிரி வளையுது. நதியுண்ணிக் கால்வாய் வயல்ல சேறுதான், பாறை கூட இல்ல!

அது மெல்லிய பச்சைத் தகட்டை அழுத்தி வளைத்து, கணை (மரப்பிடி) நுழையும் காதைப் பற்றவைத்த மம்பட்டி. கார்பன் உள்ள தகட்டில் செய்து தோய்ச்சல் கொடுத்தது ஒரு போகம் முழுக்க வேலை செய்தாலும் நேராக நிற்கும். கையில் எடுத்தால் எடை சொல்லும். தகட்டின் நடுவே சுண்டினால் ஒலி சொல்லும். வாங்கியபின் கணையை நீங்களே நல்ல மரத்தில் போட்டுக்கொள்ளுங்கள். கடைக் கணை ஆடினால் குறையை இரும்பின் மேல் போடுகிறோம்.

கொல்லுப் பட்டறையில அடிச்ச அருவா நல்லதா, கம்பெனி அருவா நல்லதா?

நல்ல கொல்லாசாரி உயிரோடு இருக்கிற ஊரில் இந்தக் கேள்வியே வேண்டாம். பட்டறையில் பெரும்பாலும் லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டையைத்தான் வெட்டி அடிப்பார்கள். அது கம்பெனிகள் மலிவு அரிவாளுக்குப் போடும் தகட்டைவிட உயர்ந்த உருக்கு. ராக்வெல் மெஷின் அவரிடம் இல்லை. கண்தான் மெஷின். முக்கி எடுத்த அலகை மறுபடி சூடு காட்டும்போது மேலே வைக்கோல் நிறம் ஓடும், அப்புறம் பழுப்பு, அப்புறம் நீலம். வாய்க்கு வைக்கோல் நிறத்தில் நிறுத்துவார், முதுகுக்கு நீலம் வரை விடுவார். அதனால் வாய் கூராகவும் முதுகு முறியாமலும் இருக்கும். ஒரே அலகில் இரண்டு பதம். மலிவுக் கம்பெனி அரிவாளில் இதை எதிர்பார்க்க முடியாது.

அதைவிட முக்கியம், அவர் உங்களைக் கேட்டு அடிப்பார். வாழைத்தார் வெட்டவா, கருவேலம் கழிக்கவா, இடக்கையா வலக்கையா? திசையன்விளைப் பக்கம் பனையேறிகள் பாளை சீவ வைத்திருக்கும் அரிவாளைப் பார்த்திருக்கிறீர்களா? பாளையின் நுனியைத் தினமும் காகிதம் போல மெல்லிசாகச் சீவ வேண்டும். அழுத்திச் சீவினால் பாளை கெட்டுவிடும். அந்தக் கூர் எந்த அட்டைப் பெட்டியிலும் வராது. பனையேறியும் கொல்லாசாரியும் பேசிப் பேசிச் செய்த கருவி அது.

சிவகளை அகழாய்வில் கிடைத்த இரும்பு கி.மு. 3345 வரை பழமையானது என்று 2025 ஜனவரியில் தமிழ்நாடு அரசு வெளியிட்ட அறிக்கை சொன்னபோது கடையில் எல்லோரும் அதைத்தான் பேசினோம். எனக்கும் பெருமைதான். ஆனால் அந்த வாரம் பேசிய பலரும் அரிவாளை ஆன்லைனில் வாங்கியவர்கள். கரி விலை ஏறிவிட்டது, சம்மட்டி போட ஆள் இல்லை, மகன் திருப்பூருக்குப் போய்விட்டான். நான் அறிந்த பட்டறைகளில் பாதி இப்போது சாத்திக் கிடக்கின்றன. உங்கள் ஊரில் ஒன்று எரிந்துகொண்டிருந்தால் அங்கே போங்கள், கேட்ட கூலியைக் கொடுங்கள். வாங்குபவர் பெயர், முகவரியைக் குறித்துவைக்கச் சொல்லிப் பட்டறைக்காரர்களிடம் போலீஸ் கேட்பதுண்டு. ஆசாரி கேட்டால் முகம் சுளிக்காமல் கொடுங்கள்.

பீடி இலை வெட்டுற கத்தரி சாணை பிடிச்ச மறுநாளே கடிக்குது அண்ணாச்சி. கத்தரி மட்டமா, சாணைக்காரர் மட்டமா?

முக்கூடல் அக்கா ஒருவர் கேட்டது. அவர் கத்தரியை வாங்கிப் பார்த்தேன், கத்தரி நல்லது. கத்தரியின் இரண்டு அலகும் உள்பக்கம் லேசாகக் குழிந்திருக்கும். வெளிச் சரிவில் மட்டும்தான் சாணை பிடிக்க வேண்டும். உள்பக்கத்தையும் கல்லில் வைத்துத் தட்டையாக்கினால் இரண்டு அலகும் ஒன்றையொன்று தொடாது, இலையைக் கடிக்கும். சாணைக் கல்லில் சூடேறி வாய் நீலம் பாய்ந்தாலும் போச்சு. மேலே அரிவாளுக்குச் சொன்ன அந்த நீலம் முதுகுக்குத்தான் நல்லது, வாய்க்கு ஆகாது. சாணைக்காரரிடம் அடிக்கடி தண்ணீரில் முக்கச் சொல்லுங்கள்.

இலையை நனைத்து வெட்டுவதால் துருவும் சீக்கிரம் ஏறும். வேலை முடிந்ததும் துடைத்து, ஆணியில் ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள். புதிதாக வாங்குவதானால் ஆணி கழற்றி இறுக்கக்கூடியதாக, அலகு கனமாக இருப்பதாகப் பாருங்கள். மீரட் கத்தரிக்கு 2013ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பழைய வண்டி ஸ்பிரிங் போன்ற இரும்பிலிருந்து செய்வது, திரும்பத் திரும்பச் சாணை தாங்கும். பிளாஸ்டிக் பிடி போட்ட மெல்லிய கத்தரி துணிக் கடையில் ரிப்பன் வெட்டத்தான் சரி.

புது ரம்பத்துக்கு அரம் போட முடியலன்னு ஆசாரி சொல்லுதாரு. நெசமா?

நிசம்தான். இப்போது வருகிற பல ரம்பங்களில் பல் நுனியை மட்டும் மின்சாரச் சூட்டில் கடினமாக்கியிருப்பார்கள். பல் நுனி கருநீலமாக இருந்தால் அதுதான். வெகு நாள் கூர் நிற்கும், ஆனால் அரத்தின் அளவுக்குக் கடினமாகிவிட்டதால் அரம் வழுக்கும். மழுங்கினால் தூக்கிப் போட வேண்டியதுதான். இதைத் தரக்குறைவு என்று சொல்ல மாட்டேன், இது வேறு கணக்கு. தினமும் ரம்பம் பிடிக்கிற ஆசாரி பல் வெள்ளையாக உள்ள பழைய வகையையும் ஒரு முப்பட்டை அரத்தையும் வாங்குவது நல்லது.

பிளேயர்ல ரப்பர் பிடி இருக்கு. கரண்டு லைன்ல தைரியமா வேலை பாக்கலாமா?

கூடாது. பிடியில் உறை இருப்பது வேறு, மின்காப்புச் சோதனை செய்தது வேறு. சோதனை செய்த பிளேயரில் இரட்டை முக்கோணக் குறியும் 1000 வோல்ட் என்ற எழுத்தும் இருக்கும். ஐஇசி 60900 என்ற தர எண்ணும் இருக்கும். அந்தக் குறி இருந்தாலும் உறையில் கீறல் விழுந்துவிட்டால் அது சாதாரண பிளேயர்தான். மெயினை நிறுத்திவிட்டு வேலை பாருங்கள். இந்த ஒரு கேள்விக்கு மட்டும் விலை, தரம் என்று எந்தக் கணக்கும் நான் பேசுவதில்லை.

பழைய இரும்புக் கடையில கிடக்குற டூல்ஸ் வாங்கலாமா?

தாராளமாக. மில்லிலும் சிமெண்ட் ஆலையிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களின் பெட்டிகள் பிள்ளைகளுக்குத் தேவையில்லாமல் எடைக்கு வருகின்றன. அதில் அருமையான ஸ்பேனர், வைஸ், உளி கிடைக்கும். துருவைப் பார்த்துப் பயப்படாதீர்கள், மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தேய்த்தால் போய்விடும். பார்க்க வேண்டியது விரிசல், விரிந்த வாய், தலை காளான் மாதிரி விரிந்த உளி. யாரோ கிரைண்டரில் நீலம் பாயச் சாணை பிடித்த உளியும் வேண்டாம். பழைய அரம் மட்டும் வாங்காதீர்கள், பல் போன அரம் வெறும் கம்பி.

46 துண்டு சாக்கெட் பெட்டி மலிவா கிடைக்குதே, வீட்டுக்குப் போதாதா?

சைக்கிளுக்கும் பொம்மைக்கும் போதும். மோட்டார் வண்டியின் இறுகிய நட்டுக்குப் போட்டால் சாக்கெட் பிளக்கும், இல்லாவிட்டால் நட்டின் மூலை மழுங்கும். நட்டு மழுங்கினால் அதைக் கழற்ற ஆகும் செலவில் இரண்டு நல்ல ஸ்பேனர் வாங்கலாம். அந்த 46ல் நீங்கள் தொடப்போவது பெரும்பாலும் 8, 10, 12, 14தான். அந்த நான்கையும் நல்லதாக வாங்குங்கள். ஆயுள் வாரண்டி என்று பெட்டியில் போட்டிருந்தால், மாற்றித் தருவது யார், எந்த ஊரில், போக்குவரத்துச் செலவு யாருடையது என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் வாரண்டியும் இல்லை.

பையன் ஐடிஐயில ஃபிட்டர் சேர்ந்திருக்கான். அவனுக்கு என்ன வாங்கிக் கொடுக்க?

பெட்டி செட் வேண்டாம். ஒரு நல்ல பத்து அங்குல அரம் வாங்கிக் கொடுங்கள். முதல் சில மாதம் அவன் ராவிக்கொண்டுதான் இருப்பான், கை வலிக்குது என்று சொல்லுவான், விட்டுவிடாதீர்கள். இரும்பின் கடினம் கைக்குப் புரிவது அங்கேதான். மேலே கடையில் செய்யச் சொன்ன சோதனை எல்லாம் அதற்கப்புறம் அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அரம் முன்னால் தள்ளும்போது மட்டும் வெட்டும், திரும்பி வரும்போது அழுத்தினால் பல் போகும். மற்ற அரங்களோடு உரசும்படி பெட்டியில் போடக் கூடாது, துணியில் சுற்றி வைக்கச் சொல்லுங்கள். வேலைக்கு முன் சாக்பீஸ் தேய்த்தால் துகள் அடைக்காது. அப்புறம், அரம் கடையில் பிடி இல்லாமல்தான் வரும். பிடி போடாமல் ஒருநாள்கூட அவன் கையில் கொடுக்காதீர்கள். வழுக்கினால் அந்த வால் முனை நேராக உள்ளங்கையில் இறங்கும். மரப்பிடி என் கடையில் இருக்கிறது, அரம் எங்கே வாங்கியதாக இருந்தாலும் கொண்டுவாருங்கள், போட்டுத் தருகிறேன்.